பைகளுக்குக் காவல் இருந்தவர்

எங்கள் வார்டு பெண்கள் குழு இந்தக் கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாக ஒரு தீம் பார்க்குக்குப் போகிறது. இரண்டு பஸ் பேசியாகிவிட்டது. போன கூட்டத்தில் செயலாளர் சாந்தாமணி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க்கா, பத்தொம்பது வருசம் அந்த மாதிரி எடத்துலயே வேலை பாத்தீங்க. போறவங்க என்னென்ன தப்புப் பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாததுங்களா? எந்திரிச்சு ரண்டு வார்த்தை சொல்லுங்க."

"பேச வராதுங்க. வேணும்னா எழுதித் தாரேன்" என்றேன்.

"அக்கா எழுதுனா ஒத்தை வரிதான் வரும், 'எல்லாரும் பத்தரமாப் போயிட்டு வாங்க'ன்னு" என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து நான்கு வரி எழுதினேன். முந்தின நாள் நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள். குழந்தையின் உயரத்தை வீட்டிலேயே சரியாக அளந்துவிட்டு வாருங்கள். உள்ளே போனதும் எல்லோரும் திரும்பி வந்து சேர ஓர் இடம் பேசிக்கொள்ளுங்கள். நான்காவது வரி, தண்ணீரில் இறங்காத ஆளைப் பைகளுக்குக் காவலாக உட்கார வைக்காதீர்கள் என்பது. அதை மட்டும் அப்படி ஒரு வரியில் விட்டுவிட முடியவில்லை. நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்த பூங்கா பாலக்காட்டுச் சித்தூருக்குத் தெற்கே, நெல்லியாம்பதி மலை சுவர் போலத் தெரிகிற சாலையில் இருந்தது. இப்போது அது வேறு ஆட்கள் கையில் இருக்கிறது, பெயரும் மாறிவிட்டது. பழைய பெயர் வேண்டாம். முப்பத்து மூன்று வயதில் சேர்ந்தேன். முழங்கால் இரண்டும் கெட்டுப் போனதால் ஐம்பத்திரண்டில் நின்றுவிட்டேன். சேர்ந்தபோது இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். விசில் ஊதவும், தண்ணீர் குடித்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும் சொல்லித் தந்தார்கள். மற்றதெல்லாம் நின்று பார்த்துக் கற்றதுதான்.

முதலில் நீச்சல் உடை கொடுக்கிற கவுண்டரில் போட்டார்கள். சேலையோடும் பருத்தித் துணியோடும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது சட்டம். இது பல பேருக்கு வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும். வயதான பெண்கள் அந்த உடையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிடுவார்கள். பிறகு பகல் முழுவதும் கரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

இடுக்கியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் நிறைய வரும். சின்னக்கானல், ஏலப்பாறை என்று வண்டியில் எழுதி ஒட்டியிருக்கும். வேலை முடிந்த கையோடு கிளம்பி, வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுத்து, காலை ஏழு மணிக்கே வாசலில் வந்து நிற்பார்கள். கதவு திறப்பது பத்தரைக்கு. அதற்குள் கட்டுச்சோற்றில் பாதி தீர்ந்து, பாதிப் பேர் களைத்துப் போயிருப்பார்கள். குளிர்ந்த ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஏப்ரல் மாதப் பாலக்காட்டு வெயில் எப்படி இருக்கும் என்று தெரியாது. அவர்கள் பையில் ஸ்வெட்டர் இருக்கும், தொப்பி இருக்காது.

பிறகு என்னை உயரப் பலகைக்கு மாற்றினார்கள். பெரிய சறுக்கலுக்கு ஏறுகிற படியின் கீழே ஒரு பலகை. அதில் சிவப்புக் கோடு. கோட்டுக்குத் தலை தொட்டால்தான் மேலே விடலாம். குதிங்கால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். முடியை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். உச்சியில் கொண்டை போட்டுக் கூட்டி வருகிற அம்மாக்கள் உண்டு.

பொள்ளாச்சிக்காரர் ஒருவர் மகனோடு நின்று அரை மணி நேரம் வாதாடினார்.

"ஏனுங்க, ஒரு வெரக்கடைதானுங்களே கம்மி. உட்டாத்தான் என்னங்க?"

"கோடு அங்கதானுங்க இருக்குது."

"எங்கூட்டுச் செவுத்துல அளந்துதானுங்க கூட்டியாந்தேன். சரியா இருந்துச்சு."

"அப்பா, அது செருப்புப் போட்டுட்டு அளந்தது" என்றான் மகன்.

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். ஆனால் எல்லா அப்பாக்களும் அப்படி இல்லை. வீட்டில் ஆசை காட்டி, நூறு மைல் கூட்டி வந்து, படியின் கீழே வைத்து இல்லை என்று சொன்னால் குழந்தை தாங்காது. அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பேச்சு இன்னும் குறைந்துவிட்டது. கையைக் காட்டுவேன், தலையை ஆட்டுவேன். அதிலேயே வேலை ஓடியது.

எங்கள் மேனேஜர் ராமநாதன் சார் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பின் இங்கே வந்தவர். தினமும் திறப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பூங்கா முழுவதும் வெறுங்காலோடு நடப்பார். எங்கே பாசி வழுக்குகிறது, எங்கே ஓடு பெயர்ந்து குத்துகிறது என்று காலாலேயே பார்ப்பார். மத்தியானம் ஒரு முறையும் அப்படியே நடப்பார், தரைச் சூடு தெரிய. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவரிடம் "என்ன நடந்தது, முதல்லேர்ந்து சொல்லுங்கோ" என்பார். முடிக்கும் வரை குறுக்கே பேசமாட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

குழந்தை காணாமல் போனால் என்ன செய்வது என்று அவர்தான் ஒழுங்கு வைத்தார். தாய் முதலில் யாரிடம் வந்து சொல்கிறாளோ, அந்தப் பணியாள் அவளை விட்டு நகரக் கூடாது. என்ன நிற உடை என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் எல்லாத் தாய்மாரும் வீட்டிலிருந்து போட்டு வந்த சட்டையின் நிறத்தைச் சொல்வார்கள். குழந்தையோ நீச்சல் உடையில் இருக்கும். அதனால் "இப்ப என்ன போட்டிருக்கு" என்று இரண்டாவது தரம் கேட்க வேண்டும். வாசல்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லாக் குளத்திலும் விசில் ஊதி, ஆட்களை அசையாமல் நிற்க வைத்து, முதலில் தண்ணீரின் அடியைப் பார்க்க வேண்டும். அப்புறம் கழிப்பறை. மைக்கில் அறிவிப்பது கடைசியில்தான். என் காலத்தில் எந்தக் குழந்தையும் அரை மணி நேரத்துக்கு மேல் காணாமல் இருந்ததில்லை.

பெரியவர்கள் காணாமல் போனால் என்ன செய்வது என்று ஒழுங்கு எதுவும் எங்களிடம் இல்லை. அது யாருக்கும் தோன்றவில்லை.

நான் வேலையை விடுவதற்கு நான்கு வருடம் முன்பு நடந்தது இது. ஏலப்பாறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. செல்வி என்று ஒரு பெண், கொழுந்து பறிக்கிறவள். அவள் கணவன், இரண்டு மகள்கள், கணவனின் தம்பி குடும்பம். கூட, செல்வியின் அப்பா சுடலைமுத்து. வயது எழுபதுக்கு மேல். அதே தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்து ஓய்ந்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை அது.

லாக்கர் அறை எங்களிடம் இருந்தது. வாடகை பெரிதில்லை. ஆனாலும் ஒவ்வொரு குடும்பத்திலும் தண்ணீரில் இறங்காத ஆள் ஒருவர் இருப்பார். அவரைப் பைகளோடு ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் செலவும் இல்லை, கவலையும் இல்லை என்பதுதான் எல்லோருடைய கணக்கும். சுடலைமுத்துவை வேப்பமரத்தடிப் பெஞ்சில் ஒன்பது பைகளோடு உட்கார வைத்தார்கள். அவருக்குச் சில நேரம் பேச்சு மாறிப் போகும் என்று வீட்டில் தெரியும். இறந்துபோன மனைவியைக் கூப்பிடுவாராம். ஆனால் பையைக் கொடுத்து உட்காரச் சொன்னால் எழுந்திருக்கமாட்டார். பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண மண்டபத்திலும் வருடக்கணக்காக அவர்தான் அவர்களுக்குப் பைக்காவல். அந்த நம்பிக்கையில் வைத்தார்கள். மத்தியானம் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். சாப்பிட்டார். நான்கு மணிக்குப் பேத்தி வந்து பார்த்தபோதும் இருந்தார்.

ஐந்து மணிக்கு அலைக்குளத்தில் சங்கு, அதாவது சைரன், ஊதுவோம். கடைசி அலை வருகிறது என்று அர்த்தம். காலை முறைப் பணியாட்களுக்கும் அதுதான் மணி. நாங்கள் பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் நீல நிறத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருப்போம். சங்கு ஊதியதும் வேப்பமரத்தைக் கடந்து, பின்வாசல் வழியாக வரிசையாக வெளியே போவோம்.

தோட்டத்தில் வேலை செய்தவருக்குச் சங்கு என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. அங்கேயும் சங்கு ஊதித்தான் வேலை முடியும். அங்கேயும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் கொழுந்து பறிப்பார்கள். சங்கு ஊதினால் எல்லோரும் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நடப்பார்கள். நாற்பது வருடம் அப்படி நடந்தவர், பெஞ்சை விட்டு எழுந்து எங்கள் வரிசையில் சேர்ந்து நடந்தார்.

எனக்கு அப்போதே முழங்கால் வலி உண்டு. கூட்டத்தில் கடைசி ஆள் நான்தான். அவர் வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டோடு இருந்தார். கையில் ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் என் வேகத்துக்கு நடந்து வந்தார். பூங்காவில் செடி பராமரிக்க ஒப்பந்தத்தில் வருகிற யாரோ என்று நினைத்தேன். பின்வாசல் காவலாளியும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னைக்கு எத்தன கிலோம்மா?"

எனக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்கக் கூச்சம். முன்பின் தெரியாத ஆணிடம் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. சிரித்துவைத்தேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டார்.

பஸ் நிறுத்தம் வலது பக்கம். அவர் இடது பக்கம் திரும்பினார். அது மாந்தோப்புகளுக்குப் போகிற மண் பாதை. நேரே பார்த்தால் மலை தெரியும். இந்த நேரத்தில் இந்த வழியில் எங்கே போகிறார் என்று ஒரு நிமிடம் நின்றேன். கூப்பிட்டுக் கேட்கலாம் என்று தோன்றியது. பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு ராமநாதன் சாரிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. அவர் விடுமுறை நாளில் கூப்பிட்டால் யாரோ வரவில்லை, நீங்கள் வர முடியுமா என்று கேட்கத்தான் இருக்கும். கேட்டால் எனக்கு இல்லை என்று சொல்ல வராது. அதனால் எடுக்காமல் இருப்பதே வழக்கம். இரண்டாவது முறை அடித்தபோது போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். மூன்றாவது முறை அடித்தது துணியடியில் லேசாகக் கேட்டது. மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், துணி துவைத்தேன். அந்த நாள் அப்படியே போனது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனபோது பின்வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. உள்ளே வேப்பமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஒன்பது பை. கூட வேலை செய்கிற தங்கம் ஓடி வந்தாள்.

"என்னக்கா, போனு எடுக்கவே மாட்டீங்களா? பெரியவரு ஒருத்தரைக் காணோமுங்க. செவ்வாக்கிழமை அஞ்சு மணியிலிருந்து தேடறாங்க. கேமராவுல நம்ம கூட்டத்தோட போறது தெரியுது. சார் எல்லாத்துக்கும் போன் போட்டுக் கேட்டாரு. யாரும் பாக்கலைன்னுட்டோம். நீங்க ஒராள்தான் பாக்கி."

பின்வாசலுக்கு வெளியே கேமரா கிடையாது. ஊருக்குத் திரும்பப் போயிருப்பார் என்று போலீஸ் பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் தேடிக்கொண்டிருந்தது. வலது பக்கம் போனால்தானே பஸ். எல்லோரும் வலது பக்கமே தேடினார்கள்.

நான் ராமநாதன் சார் அறைக்குப் போனேன். நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தூங்கவில்லை என்று தெரிந்தது. முந்தின நாள் போட்ட சட்டையே உடம்பில் இருந்தது.

"நான் பாத்தேனுங்க சார். என்கூடத்தான் நடந்து வந்தாரு."

வழக்கம் போல முதலிலிருந்து சொல்லச் சொல்லவில்லை. எழுந்து கார்ச் சாவியை எடுத்தார்.

"எந்தப் பக்கம் திரும்பினார்? வந்து கையைக் காட்டுங்கோ."

காரில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். போலீஸ் ஜீப் பின்னால் வந்தது. மண் பாதையில் ஒரு மைல் போனதும் தோப்புகள் தொடங்கின. மாங்காய் பறிக்கிற ஆட்களிடம் கேட்டோம். செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது ஒரு பெரியவர் மலைக்கு எது வழி என்று கேட்டதாக ஒருவர் சொன்னார். தோப்புக்கு அப்பால் வழி அடைபட்டிருக்கிறது, திரும்பிப் போங்கள் என்று இவர் சொன்னாராம். பெரியவர் சரி என்றாராம், ஆனால் திரும்பவில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் கண்டுபிடித்தோம். தண்ணீர் இல்லாத வாய்க்காலில், கரை ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். செருப்பு இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தார். தோள் துண்டைத் தலையில் போட்டிருந்தார். வேறு நிழல் அங்கே இல்லை.

தாலுக்கா ஆஸ்பத்திரி டாக்டர் போலீஸிடம் சொல்லும்போது நானும் நின்றிருந்தேன். அடி ஏதும் இல்லை, வெயிலும் தாகமும்தான், உயிர் போனது புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகாக இருக்கும் என்றார். மூன்று முறை போன் அடித்தது புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

அன்று இரவு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் வழியில் ராமநாதன் சார் கேட்டார்.

"மூணு தடவை கூப்பிட்டேன். ஏன் எடுக்கல்லே?"

"லீவு நாள்ல வேலைக்குக் கூப்படறீங்கன்னு நெனச்சேனுங்க சார்."

"அப்படித்தான் நினைச்சிருப்பேள். இத்தனை வருஷமா நான் கூப்பிட்டதெல்லாம் அதுக்குத்தானே" என்றார்.

அவர் எழுதிய அறிக்கையில், பணியாளர் ஒருவர் விடுமுறையில் இருந்ததால் தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒரு வரி இருந்தது. என் பெயர் இல்லை. அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டார். யாரும் போகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பூங்காவில் பல ஒழுங்குகள் வந்தன. வாசலிலேயே லாக்கர் சாவி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். வயதானவர்கள் மணிக்கட்டில் வீட்டார் போன் எண் எழுதிய பட்டை கட்டினார்கள். பின்வாசலில் அடையாள அட்டை பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். சங்கை நிறுத்தி ஏதோ பாட்டுப் போட்டார்கள். நான்கு வருடம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வேலை செய்தேன்.

நீங்கள் போகிற இடத்திலும் இந்த ஒழுங்கெல்லாம் இருக்கலாம். இருந்தாலும், தண்ணீரில் இறங்க மாட்டேன் என்கிற ஆளைத் தனியே விடாதீர்கள். உங்களில் ஒருவர் மாற்றி மாற்றி அவரோடு உட்காருங்கள். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் நமக்குத் தெரியும். அவர் மனசு எந்த ஊரில் எந்த வருடத்தில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் உடலைக் கொடுப்பதற்காக ஆஸ்பத்திரி முற்றத்தில் எல்லோரும் காத்திருந்தோம். என்னைப் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. செல்வியின் கணவன் வண்டி பேசப் போயிருந்தான். குழந்தைகளை யாரோ டீக்கடைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். செல்வி தனியாகச் சுவரில் சாய்ந்து நின்றாள். என் நீலச் சட்டையைப் பார்த்துவிட்டு அவளே பக்கத்தில் வந்தாள்.

"நீங்கதானாக்கா எங்கப்பா கூட நடந்து வந்தது?"

"ஆமாங்க."

"கையில ஒத்த பையி கூட எடுக்கலையே. எங்க போறோம்னு ஏதாச்சும் சொன்னாகளா?"

"எங்க போறேன்னு சொல்லலீங்க. இன்னைக்கு எத்தன கிலோன்னு கேட்டாரு."

அவள் முகம் ஒரு நொடி இளகியது. சிரிப்புப் போல ஒன்று வந்து போனது.

"அது எங்கம்மாட்ட கேக்குறது. நிறுவைக்குப் போற வழியில நின்னு தெனமும் கேப்பாக. அம்மா நாப்பதும்பா. பொய் சொல்லாதடீம்பாக. அப்படியே பேசிக்கிட்டே ரெண்டு பேரும் வீட்டுக்கு வருவாக." பிறகு கேட்டாள்: "நீங்க என்ன சொன்னீகக்கா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. சிரிச்சேன்."

"ஏதாச்சும் ஒரு கணக்குச் சொல்லியிருக்கலாமேக்கா. இருபதோ முப்பதோ. ஒரு வார்த்தை சொல்லிட்டா எங்கப்பா அந்தாள விட்டு நகர மாட்டாக."

கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய சுபாவத்தை எனக்குத் தெரியப்படுத்துகிற மாதிரி சொன்னாள். உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடப் போனாள்.

போன் வந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு அப்படி ஒன்று இருந்தது என்றே அவளுக்குத் தெரியாது.